மாணவியருக்கு வழித்துணை

நம் நாட்டின் உயர்கல்வி நிலையங்களில் விஞ்ஞானம் பயிலுவோருள் பெண்களே பாதிக்கு மேற்பட்டவர்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, விஞ்ஞானப் பிரிவில் இளநிலைப் பட்டம் முதல் டாக்டர் பட்டம் வரை பயின்ற 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் மாணவியர். எல்லாத் துறைகளிலும் சேர்த்து டாக்டர் பட்டத்திற்குப் பயிலும் பெண்களின் தொகை 2014-15-இல் 48 ஆயிரமாக இருந்து, 2021-22-இல் 99 ஆயிரமாக உயர்ந்தது.

ஆயினும், வகுப்பறையிற் காணும் இந்தச் சமநிலை ஆராய்ச்சிக் கூடங்களிலும் பேராசிரியர் பதவிகளிலும் காணப்படுவதில்லை. படிப்படியாக மேலே செல்லுந்தோறும் பெண்களின் தொகை குறைந்துகொண்டே போகிறது. தேர்வுகளில் திறம்படத் தேறி வந்தவர்கள் இடையில் விலகுவதற்கு அறிவுக் குறைவு காரணமாகாது. இடம் கிடைத்த பின் துணை கிடைக்காமை அதன் முக்கிய காரணங்களுள் ஒன்று. இக்குறையைப் போக்கும் பொருட்டுப் பல்கலைக் கழகங்கள் மேற்கொள்ளும் ஏற்பாடே வழித்துணைத் திட்டம்.

பெங்களூரில் ஒரு முன்மாதிரி

இத்தகைய துணையின் பயனை விளக்க ஒரு பழைய நிகழ்ச்சி உதவும். 1933-ஆம் ஆண்டில் பம்பாயில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற கமலா பாகவத் என்னும் மாணவி, பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநராக விளங்கியவர் சர் சி. வி. ராமன். பெண் என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கமலா நேரிற் சென்று நியாயம் கேட்டு உறுதியாக நின்றார். முடிவில், கடுமையான நிபந்தனைகளோடு அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். முதல் ஓராண்டுக்கு அவர் முறையான மாணவராகக் கருதப்படமாட்டார். ஆசிரியர் விரும்பினால் இரவிலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்தின் சூழ்நிலைக்குக் குந்தகம் விளைவித்தலாகாது.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எம். ஸ்ரீநிவாசய்யா. அவர் மிகக் கண்டிப்பானவர். எனினும் தகுதியுள்ள மாணவருக்குத் தாம் அறிந்தவற்றைக் கற்பிப்பதிற் பேரார்வம் கொண்டவர். அவருடைய மேற்பார்வையில் பால், பருப்பு வகைகள் ஆகியவற்றிலுள்ள புரதங்களைக் கமலா ஆராய்ந்தார். ஓராண்டுக்குள் ராமன் மனநிறைவு கொண்டார். அதன்பின் கழகத்தின் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது. 1936-இல் எம்.எஸ்ஸி. பட்டமும், தாவரங்களிலுள்ள ‘ஸைட்டோகுரோம் ஸி’ பற்றிய ஆராய்ச்சிக்காக 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்ற இவரே பிற்காலத்தில் கமலா ஸோஹோனி எனப் புகழ் பெற்றவர்.

கதவைத் திறந்தது கமலாவின் மன உறுதி. உள்ளே சென்றபின் அவர் முன்னேற ஏற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆனால் அத்தகைய ஆசிரியர் அமைந்தது நற்பேறேயன்றி ஏற்பாடன்று. லட்சக்கணக்கான மாணவியர் பயிலும் நாட்டில் நற்பேற்றை நம்பியிருத்தல் இயலாது.

விதிகளில் வழித்துணை

இந்தத் துணை இப்போது விதிகளிலேயே இடம் பெற்றுள்ளது. ராகிங் கொடுமையைத் தடுக்கப் பல்கலைக் கழக மானியக் குழு 2009-இல் வெளியிட்ட விதிகள், புதிய மாணவர் அறுவருக்கு மூத்த மாணவர் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்றும், அத்தகைய மூத்தவர் அறுவருக்கு அவர்களினும் மூத்தவர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. பொறியியற் கல்லூரிகளிற் புதிதாகச் சேருவோருக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியும், ஏறத்தாழ இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் துணையும் வகுக்கப்பட்டுள்ளன.

பள்ளிப் பருவத்திலேயே இத்துணையைத் தொடங்குவது மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை 2019-இல் தொடங்கிய ‘விஞ்ஞான ஜோதி’ திட்டம். 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளிற் பயிலும் மாணவியரை, நவோதய வித்யாலயங்களின் வாயிலாக, அருகிலுள்ள விஞ்ஞான நிலையங்களோடு இது இணைக்கிறது. மாணவியருக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் ஆலோசனை கூறப்படுவது இதன் சிறப்பு.

இடம் மட்டும் போதுமா?

2016-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் இளநிலைப் படிப்புகளிற் பெண்கள் சுமார் 8 சதவிகிதமே இருந்தனர். கூடுதல் இடங்கள் உண்டாக்கி, 2018-இல் 14 சதவிகிதம், 2019-இல் 17 சதவிகிதம், 2020-இல் 20 சதவிகிதம் என இலக்கு வகுக்கப்பட்டது. இது பாராட்டத்தக்க முயற்சி. எனினும் ஐவரில் ஒருத்தியாக வகுப்பில் அமரும் மாணவியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்தப் பேராசிரியரை அணுகுவது, எந்த உபகாரச் சம்பளத்திற்கு எப்போது விண்ணப்பிப்பது, கோடை விடுமுறையில் எங்கே பயிற்சி பெறுவது என்னும் செய்திகள் விளம்பரப் பலகையிற் பாதியே கிடைக்கின்றன. மறுபாதி விடுதியிலும் தேநீர்க் கடையிலும் மூத்த மாணவர் வாயிலாகப் பரவுகிறது. மாலையில் விடுதிக்குத் திரும்ப வேண்டிய மாணவிக்கும், நெடுந்தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து செல்லும் மாணவிக்கும் அந்த மறுபாதி எட்டுவது அரிது.

சலுகைகளும் அறியாமையால் வீணாகின்றன. டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு இரண்டாண்டுக் காலம் கூடுதலாகவும், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றிற்காக 240 நாள் வரை விடுப்பும் மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளில் அனுமதிக்கப்பட்டுள்ளன. திருமணமான ஒரு மாணவி இதனை அறியாமல் ஆராய்ச்சியைக் கைவிட்டால், விதி இருந்தும் பயனில்லை. உரிய நேரத்தில் அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நல்ல திட்டத்தின் இலக்கணம்

ஆராய்ச்சி நெறியாளரே வழித்துணைவராகவும் இருப்பது பொருத்தமன்று. மதிப்பெண் இடுபவரிடமும் ஆய்வேட்டில் ஒப்பமிடுபவரிடமும் மாணவி தன் தயக்கங்களை மனந்திறந்து கூறுவது கடினம். எனவே வேறோர் ஆசிரியரும், மூத்த மாணவி ஒருவரும் சேர்ந்து துணையிருப்பது நலம். ஆசிரியர் நெடுநோக்குடன் ஆலோசனை கூறுவார். மூத்த மாணவியோ நேற்றுத் தாம் கடந்த தடையை இன்று எடுத்துரைப்பார்.

இடர் நேர்ந்த பின்னரே சந்திப்பது என்றிராமல், முதற் பருவத்திலேயே நாள் குறித்துச் சந்தித்தல் வேண்டும். கேட்ட செய்தியைக் காத்தல் வேண்டும். மன நோயின் அறிகுறி தென்பட்டால் தகுதி பெற்ற ஆலோசகரிடமும், தொல்லை பற்றிய புகாராயின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள் புகார்க் குழுவிடமும் செல்ல வழி காட்டுதல் வேண்டும்.

மாணவியருக்கான பணி என்று கருதிச் சுமை முழுவதையும் பெண் ஆசிரியர் மீதே ஏற்றுவது நீதியன்று. ஸ்ரீநிவாசய்யா ஓர் ஆண் என்பதை மறத்தலாகாது. இப்பணிக்குச் செலவிடும் நேரமும் ஆசிரியரின் பணி நேரத்தில் அடங்குதல் முறை. இல்லையேல், பதிவேட்டிற் கையொப்பம் மட்டும் நிறைந்திருக்கும். மாணவி தனித்தே இருப்பாள்.

ஒரு மாணவி ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு விலகும்போது அவளுடைய பல்லாண்டு உழைப்பும், அவளைப் பயிற்றுவிக்கப் பொதுப் பணத்திலிருந்து செய்த செலவும், அவள் கண்டறிந்திருக்கக்கூடிய உண்மையும் ஒருசேர இழக்கப்படுகின்றன. அந்த இழப்பைத் தவிர்க்கப் பெருநிதி தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கும் ஆசிரியரும், அந்த நேரத்தைக் கடமையாக ஏற்கும் பல்கலைக் கழகமும் போதும்.