ஸ்டார் ரெய்டர் போனால் அணி என்ன ஆகும்? பவன் செஹ்ராவத்தை இழந்த தலைவாஸ் சொல்லும் கணக்கு

தமிழ் தலைவாஸும் தெலுங்கு டைட்டன்ஸும் மோதும் நாளில் திருத்தணி மாதிரி ஊர்களில் யாருக்கு விசில் அடிப்பது என்பதே ஒரு குழப்பம்தான். 1960-ல் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் இது. மலையில் முருகன், கடைத்தெருவில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு. இந்த இரண்டு அணிகளுக்கும் பொதுவான ஒரு பெயர் உண்டு: பவன் செஹ்ராவத். முதலில் தலைவாஸ், அப்புறம் டைட்டன்ஸ், திரும்பவும் தலைவாஸ் என்று புரோ கபடி லீக்கில் எல்லையின் இரண்டு பக்கமும் ஆடியவர்.

கபடி ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு இவர் கதையிலேயே பதில் இருக்கிறது. அணியின் நம்பர் ஒன் ரெய்டர் திடீரென்று இல்லாமல் போனால், அட்டாக் என்ன ஆகும்?

அன்று என்ன நடந்தது?

2022 ஏலத்தில் தலைவாஸ் பவனை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அன்றைய தேதிக்கு லீக் வரலாற்றிலேயே அதிக விலை. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகையே 4.4 கோடிதான். அதாவது பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்கு.

அதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முன் பெங்களூரு புல்ஸுக்காக ஆடிய கடைசி மூன்று சீசன்களிலும் ரெய்டு புள்ளிகளில் அவர்தான் முதலிடம். 7-வது சீசனில் மட்டும் 346 ரெய்டு புள்ளிகள். ஹரியானாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 39. தலைவாஸோ 2017-ல் லீக்குக்குள் வந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்க்காத அணி. ரசிகர்களின் எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

2022 அக்டோபர் 8, பெங்களூருவில் குஜராத் ஜயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அதுவும் ரெய்டு போனபோது இல்லை, எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போனபோது. தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், சீசனே முடிந்தது. ஆட்டம் 31-31 என சமன்.

ரெய்டர் போனால் புள்ளி மட்டும்தான் போகுமா?

இல்லை. கபடியில் இழப்பு சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும்.

முதலாவது, ஆட்கள் திரும்பி வருவது குறையும். எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான் நம் பக்கம் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளே வர முடியும். நல்ல ரெய்டர் புள்ளி எடுப்பதோடு நிற்பதில்லை, அவுட்டான டிஃபெண்டர்களையும் கோர்ட்டுக்குள் கூட்டி வருகிறார். அவர் இல்லாவிட்டால் டிஃபென்ஸும் மெலியும். நான்கு பேரோடு கோட்டைக் காப்பதும் ஏழு பேரோடு காப்பதும் ஒன்றா? கடைசியில் ஆல் அவுட், எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி.

இரண்டாவது, 'டூ ஆர் டை' நெருக்கடி. தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் திரும்பினால், மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். வழக்கமாக இந்த ரெய்டுக்கு ஸ்டார் போவார், அல்லது ஸ்டாரை அவுட் ஆகவிடாமல் காப்பாற்ற வேறொருவர் போவார். ஸ்டாரே இல்லையென்றால் இந்தச் சுமை முழுக்க அனுபவம் குறைந்தவர்கள் தலையில்தான்.

மூன்றாவது, இரண்டாவது ரெய்டரின் வேலை மாறிவிடும். முதல் ரெய்டர் இரண்டு மூன்று பேரை வெளியேற்றிய பிறகு, ஆள் குறைந்த கோர்ட்டில் பாடிப் போவது சுலபம். இப்போது அதே ஆள் முழு ஏழு பேருக்கு எதிராக முதலில் போக வேண்டும்.

நான்காவது, எதிரணிக்குத் துணிச்சல் வரும். பவன் மாதிரி ஒருவர் உள்ளே வந்தால் கார்னரில் நிற்பவர்கள் ஓரடி பின்வாங்கியே நிற்பார்கள். அவசரப்பட்டுக் காலைப் பிடிக்கப் போனால் தாவிப் போய்விடுவார் என்ற பயம். அந்தப் பயம் போனதும் அவர்களே முன்னேறி வந்து பிடிப்பார்கள்.

அமெரிக்க ஃபுட்பாலிலும் இதே கதைதான்

அமெரிக்க ஃபுட்பாலில் 'ரன்னிங் பேக்' என்றொரு இடம் உண்டு. பந்தை இடுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர். கிட்டத்தட்ட ரெய்டர் மாதிரி. அவர் பலமானவர் என்றால் அவரைத் தடுக்க எதிரணி ஆட்களை முன்னால் குவிக்கும். பின்னால் இடம் காலியாகும், அங்கே பந்தை எறிந்து முன்னேறலாம். அவர் இல்லாவிட்டால் எதிரணி பின்னால் நின்று நிதானமாகக் காவல் காக்கும்.

சாக்வான் பார்க்லி நல்ல உதாரணம். 2024-ல் நியூயார்க் ஜயன்ட்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார், ஈகிள்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தது. அவர் விட்டுப்போன ஜயன்ட்ஸ் 17 ஆட்டங்களில் 3-ல் மட்டுமே வென்றது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. ஈகிள்ஸில் அவருக்கு வழி திறந்துவிட பலமான முன்வரிசை இருந்தது. ஆள் மட்டும் மாறவில்லை, அவரைச் சுற்றியிருந்தவர்களும் மாறினார்கள்.

தலைவாஸ் எப்படித் தப்பித்தது?

பவன் போனதும் தலைவாஸின் தொடக்கம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. பயிற்சியாளர் உதயகுமார் இடத்துக்கு சீசன் நடுவில் அஷன் குமார் வந்தார். பிறகு படம் மாறியது.

ரெய்டு சுமையைத் தூக்கியவர் நரேந்தர். அதுதான் அவருக்கு முதல் சீசன். பவன் ஆடியிருந்தால் அவர் இரண்டாவது, மூன்றாவது ஆளாகத்தான் போயிருப்பார். சீசன் முடிவில் அவர் கணக்கில் 243 ரெய்டு புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துக்கும் மேல். அஜிங்க்யா பவார் அவருக்குத் துணை நின்றார்.

இன்னொரு பாதி வேலையை டிஃபென்ஸ் செய்தது. சாகர், சாஹில் குலியா இரண்டு கார்னரிலும், அபிஷேக், மோஹித் கவரிலும். இவர்கள் பிடித்துக் கொடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் வெளியே இருந்த ஒருவர் திரும்பி வந்தார். ரெய்டரின் வேலையில் ஒரு பங்கை டிஃபெண்டர்கள் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

விளைவு: 66 புள்ளிகளோடு 5-வது இடம், முதல்முறையாக பிளே-ஆஃப். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸுடன் 36-36 என சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 39-37. இரண்டே புள்ளியில் இறுதிப்போட்டி கைநழுவியது.

அப்போ ஸ்டாரே வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு எல்லையின் அந்தப் பக்கம் பதில் இருக்கிறது. குணமாகித் திரும்பிய பவன், 2023 ஆசிய விளையாட்டில் கேப்டனாக இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. மீண்டும் புதிய சாதனை விலை. மொத்த வரம்பு 5 கோடி, அதிலும் பாதிக்கு மேல் இவருக்கே.

பவன் வருவதற்கு முந்தைய சீசனில் டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் 2-ல் வென்றிருந்தது. பவன் வந்த சீசனிலும் அதே 2 வெற்றி, அதே கடைசி இடம். புள்ளி எடுக்க ஆள் இருந்தார். அவர் அவுட்டாகி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவரை உள்ளே கொண்டுவர ஆள் போதவில்லை.

அடுத்த சீசனில் அதே பவனோடு டைட்டன்ஸ் 12 ஆட்டங்களில் வென்றது. இடையில் அவர் காயத்தால் சில ஆட்டங்கள் ஆடாதபோது விஜய் மாலிக் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது ஆள் தயாரானதும் டைட்டன்ஸ் வேறு அணியாகிவிட்டது.

ஆக, ஸ்டாரை இழந்தால் அடி விழும் என்பது உண்மை. அடி எவ்வளவு பலமானது என்பதை முடிவு செய்வது மிச்சமிருக்கும் ஆறு பேர். சம்பளப் பணத்தில் பாதியை ஒருவருக்கே கொடுக்கும் அணிக்கு அந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கக் காசு குறைவு. அதனால்தான் விலை குறைந்த ஒரு நரேந்தர் கிடைப்பது 2 கோடி ரூபாய் ஏலத்தைவிட முக்கியமாகிவிடுகிறது.

2025-ல் இரண்டாவது முறை

2025 ஏலத்தில் தலைவாஸ் பவனை 59.5 லட்சத்துக்குத் திரும்ப எடுத்தது. இந்த முறை அர்ஜுன் தேஷ்வால் என்ற இன்னொரு பெரிய ரெய்டரும் கூடவே வந்தார். விசாகப்பட்டினத்தில் நடந்த தொடக்க ஆட்டத்தில் டைட்டன்ஸை 38-35 என வென்றார்கள். ஆனால் செப்டம்பரில், ஒழுங்கு காரணங்களுக்காக பவனை வீட்டுக்கு அனுப்புவதாக அணி அறிவித்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். காரணம் எதுவாக இருந்தாலும், மூன்றே ஆண்டில் ஒரே வீரரை ஒரே அணி இரண்டாவது முறை சீசனுக்கு நடுவில் இழந்தது. கேப்டன் பொறுப்பும் ரெய்டு சுமையும் தேஷ்வாலிடம் போயின.

அடுத்த ஆட்டத்தில் எதைப் பார்க்கலாம்?

உங்கள் அணியின் முக்கிய ரெய்டர் அவுட்டானதும் ஸ்கோரை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அவர் எத்தனை நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கிறார்? அவரைத் திரும்பக் கொண்டுவரும் புள்ளி ரெய்டில் வந்ததா, பிடியில் வந்ததா? அந்த நேரத்தில் வரும் 'டூ ஆர் டை' ரெய்டுக்கு யார் போகிறார்? அவர் ஒரு சீசன் முழுக்க இல்லாவிட்டால் அணி எப்படி ஆடும் என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.