தோற்றவர் திரும்பி வர வேண்டும்! உங்கள் தெருவில் ஒரு கேம் போட்டி

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால் ஒரு மாதத்திற்குள் ஏதாவது ஒரு கேமும் வந்துவிடும். பின்னாலேயே அக்கம் பக்கத்துப் பையன்கள் வருவார்கள். யார் பெரிய ஆள் என்ற பேச்சு கிளம்பும். அதை முறையான போட்டியாக மாற்றி, மாதாமாதம் நடத்துவது எப்படி என்று பார்ப்போமா?

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பின் பொது அறையில் என் கம்ப்யூட்டரை வைத்து முதல் போட்டியை நடத்தினேன். 16 பேர் வந்தார்கள். தோற்றால் வெளியே என்று விதி. நான்கே நிமிடத்தில் தோற்ற ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், ஒரு மணி நேரம் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வீட்டிற்குப் போய்விட்டான். அடுத்த மாதம் வந்தவர்கள் 5 பேர்தான்! வந்த ஐவரும் நன்றாக ஆடுபவர்கள். பழக வேண்டியவர்கள் யாரும் வரவில்லை.

40 பேரில் தொடங்கிய கதை

சண்டை கேம்களுக்கான உலகின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று ஈவோ. 1996ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 'பேட்டில் பை தி பே' என்ற பெயரில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேமிற்காக, 40 பேருடன் தொடங்கியது. டாம் கேனன், டோனி கேனன் சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்து வளர்த்தார்கள். 2002ல்தான் எவல்யூஷன் என்று பெயர் மாறியது. அதன் சுருக்கமே ஈவோ. 2023ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பிரிவில் மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. தகுதிச் சுற்று கிடையாது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஒருமுறை தோற்றால் வெளியேற்றமும் கிடையாது. இரண்டாம் முறை தோற்றால்தான் வெளியேற வேண்டும். இதற்கு டபுள் எலிமினேஷன் என்று பெயர்.

கணக்கு இதுதான்

16 பேர் ஆடும் சாதாரண நாக்அவுட்டில் 15 ஆட்டங்கள். முதல் சுற்றிலேயே 8 பேர் காலி. டபுள் எலிமினேஷனில் முதல் தோல்வி கண்டவர் தோல்விப் பிரிவிற்கு மாறுவார். அங்கே தொடர்ந்து வென்றால் இறுதி ஆட்டம் வரை வரலாம். சாம்பியன் தவிர 15 பேரும் இரண்டு முறை தோற்க வேண்டும் என்பதால் 30 ஆட்டங்கள். சாம்பியனும் ஒருமுறை தோற்றிருந்தால் 31. ஆட்டத்திற்குப் பத்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும். ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்றால் 8 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 14 அல்லது 15 ஆட்டங்கள். இரண்டரை மணி நேரத்தில் முடியும்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்யுங்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்றவற்றுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் இலவசமாகக் கிடைக்கும் பிராவல்ஹல்லா போதும்.

இருவர் ஒரே கீ போர்டில் ஆட வேண்டாம். கீ போர்டின் உள்ளே கீகள் வரிசைகளும் பத்திகளுமாக இணைக்கப்பட்டுள்ளன. ஒரே நேரத்தில் பல கீகளை அழுத்தினால், சாதாரணக் கீ போர்ட் சிலவற்றை விட்டுவிடும். "நான் அழுத்தினேன் அண்ணா, அடிக்கவே இல்லை" என்று எங்கள் போட்டியில் ஒருவன் அழாத குறை. அவன் சொன்னது உண்மைதான். யு.எஸ்.பி. ஒயர் உள்ள கேம்பேட் இரண்டு வாங்கிவிடுங்கள்.

கீ போர்டில்தான் ஆடுவேன் என்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற பெட்டி நடுவில் எட்டிப் பார்க்கும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீ போர்ட் எனச் சென்று, ஸ்டிக்கி கீஸ் பிரிவில் அதன் ஷார்ட்கட்டை ஆப் செய்திடுங்கள். விண்டோஸ் அப்டேட் பகுதியில் ஒரு வாரத்திற்கு அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

பெரிய திரைக்காக டிவியை இணைத்தால் அதில் கேம் மோடைத் தேர்ந்தெடுங்கள். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் சுமார் 17 மில்லி செகண்ட். 50 மில்லி செகண்ட் தாமதம் என்றால் மூன்று பிரேம் போச்சு!

போட்டியில் சேராத ஒரு கம்ப்யூட்டர்

நண்பரின் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் அதைப் போட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். சும்மா ஆடிப் பழக விட்டுவிடுங்கள். வென்றவர் தோற்றவருக்கு ஓர் உத்தியாவது சொல்லித் தர வேண்டும் என்று எங்களிடம் ஒரு பழக்கம் வந்தது இந்த இரண்டாவது கம்ப்யூட்டரின் அருகில்தான். நுழைவுக் கட்டணமும் பந்தயமும் வேண்டாம். பணம் புகுந்தால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

மூன்றாம் போட்டியை இப்படி மாற்றி அறிவித்தபோது, சுவரோரம் நின்ற அந்தப் பையனை வீட்டிற்கே போய் அழைத்தேன். வந்தான். முதல் ஆட்டத்தில் மறுபடியும் தோற்றான். தோல்விப் பிரிவில் இரண்டு ஆட்டங்கள் வென்று, அதன் பிறகுதான் வெளியேறினான். போகும்போது, "அண்ணா, அடுத்தது எப்போ?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் அந்தத் தேதியை முன்கூட்டியே முடிவு செய்திடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்பது போல நிலையான நாளாக இருக்கட்டும். எல்லாரும் கிளம்பும் முன் அறிவித்துவிடுங்கள்.