பேராசிரியர் வீட்டு வானொலி

நம் இல்லங்களில் ஒரு சொல் அடிக்கடி வழங்குகின்றது. பையன் பழைய கடிகாரத்தைத் திறந்து பார்த்தால், "வேலையற்ற வேலை" என்கிறோம். பெண் ஒரு காந்தத் துண்டை வைத்துக்கொண்டு வீடெங்கும் இரும்பைத் தேடினால் அதனையும் அவ்வாறே சொல்கிறோம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இச்சொல் இன்னும் அழுத்தமாகவே ஒலிக்கும். படிப்பும் உத்தியோகமுமே நமக்கு முதல் என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், நாம் வந்து குடியேறிய இம்மைசூர் நகரமே அச்சொல்லுக்கு ஒரு நல்ல விடையைத் தன்னிடம் வைத்திருக்கின்றது. அதனை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கியவர் டாக்டர் எம்.வி. கோபாலசுவாமி. இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் பயின்று திரும்பியவர். மனித மனத்தின் இயல்பை ஆராய்வது அவருடைய தொழில். வானொலிக் கருவியோ அவருடைய பொழுதுபோக்கு. 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவர் தம் இல்லத்திலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கினார். அவ்வில்லத்தின் பெயர் விட்டல் விஹார். ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 30 வாட். நம் வீட்டுக் கூடத்தில் முன்பு எரிந்த 40 வாட் மின்விளக்கினும் குறைந்த ஆற்றல் அது! அந்நிலையத்திற்கு இடப்பட்ட பெயர்தான் 'ஆகாசவாணி.'

அப்போது இந்திய அரசின் ஒலிபரப்புத் துறைக்கு 'அகில இந்திய ரேடியோ' என்ற பெயர்கூட வந்திருக்கவில்லை. அது 1936 ஜூன் மாதத்தில்தான் வந்தது. பேராசிரியர் தம் கைப்பொருளைச் செலவிட்டு நிலையத்தை நடத்தினார். பின்னர் 250 வாட் ஆற்றலுள்ள கருவியையும் தருவித்தார். 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின், 1950இல் அது மத்திய அரசின் ஒலிபரப்புத் துறையைச் சேர்ந்தது. 1955இல் நிலையம் பெங்களூருக்குச் சென்றது. 1974இல் மைசூருக்கு மீண்டும் ஒரு நிலையம் வாய்த்தது. ஆனால் பெயர் மட்டும் ஊர் கடந்து சென்றது. 1957 முதல் நாடு முழுவதற்குமான அரசு வானொலிக்கு 'ஆகாசவாணி' என்பதே பெயராயிற்று. ஒரு வீட்டில் பிறந்த பெயர் ஒரு தேசத்தின் பெயராக வளர்ந்த கதை இது.

நம் தமிழகத்திலும் இத்தகைய ஆர்வலர் இருந்தனர். பேராசிரியருக்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே, 1924இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னையில் ஒரு ரேடியோ சங்கத்தை அமைத்து, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பையும் நடத்தினர். பணமுடையால் 1927இல் அது நின்றுபோயிற்று. சங்கம் தன் கருவியைச் சென்னை நகராட்சிக்கு அளித்தது; 1930 முதல் நகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. மாலைவேளையில் மெரினாக் கடற்கரைக்கு வந்தவர்கள் ஒலிபெருக்கி வழியே இசை கேட்டுக் களித்தனர். அரசின் வானொலி நிலையம் சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும்தான் ஏற்பட்டது. ஆக, ஆர்வலர் முதலில் நடந்தனர். அரசு பின்னர் வந்தது.

அக்காலத்து ஆர்வலர் கையில் பெருங்கருவிகள் இருந்தன என்று எண்ண வேண்டா. ஒலி கேட்க அவர்கள் செய்துகொண்ட பெட்டி மிக எளியது. உயரக் கட்டிய ஒரு கம்பி. மண்ணில் புதைத்த மற்றொரு கம்பி. அட்டைக் குழாயில் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள். கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் ஒரு சிறு துண்டு. அதன்மேல் மெல்லத் தொடும் ஊசி போன்ற கம்பி. காதில் வைத்துக் கேட்கும் குழல். இவ்வளவே. கலீனாக் கல் மின்னோட்டத்தைப் பெரிதும் ஒரு திசையிலேயே விடும். அதனால் வானலையில் ஏறிவந்த குரல் தனியே பிரிந்து காதில் விழும். கலீனாவைக் கொண்டு மின்னலைகளை உணரும் முறைக்கு நம் ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. இப்பெட்டிக்கு மின்சாரமும் வேண்டா, பாட்டரியும் வேண்டா. காற்றில் வரும் அலையின் ஆற்றலே அதனைப் பேசவைக்கும்.

நிற்க. என் சொந்த அநுபவம் ஒன்றைக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது.

என் பாட்டனார் இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு மைசூருக்கு வந்தவர். அவர் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது. பகலில் திருச்சி நிலையம் கரகரவென்று மங்கலாகவே கேட்கும். இரவு ஏற ஏற, அடுத்த வீட்டில் பேசுவது போலத் தெளியும். இதற்குக் காரணம் உண்டு. வானில் ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஒரு படலம் உண்டாகின்றது. மத்திய அலையை அது விழுங்கிவிடுகின்றது. கதிரவன் மறைந்ததும் அப்படலம் கலைந்துபோக, அலை இன்னும் மேலே சென்று, அங்குள்ள வேறு படலங்களில் பட்டுத் தொலைவிலுள்ள ஊர்களுக்குத் திரும்பி வருகின்றது. இவ்விளக்கம் எங்கள் பாட்டிக்குத் தெரியாது. "இராத்திரியானால் நம்ம ஊர் கிட்டே வந்துவிடுகிறது" என்பார். கன்னடம் அவருக்குப் புரியும். ஆயினும் செய்தியைத் தமிழில் கேட்டால்தான் உறக்கம் வரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வீட்டில் ஒருவருமில்லாத ஒரு பிற்பகலில், திருப்புளி ஒன்றை எடுத்து அப்பெட்டியைக் கழற்றினேன். பேசுகின்றவர் எங்கே இருக்கிறார் என்று காணவேண்டும் என்பதே என் ஆவல். ஒரு வால்வு கைதவறி உடைந்தது. அப்பா பெட்டியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றார். அதற்குரிய வால்வு எங்கும் அகப்படவில்லை. அன்றிரவு வீடு வெறிச்சென்றிருந்தது. அப்பாவின் கோபத்தை நான் தாங்கிக்கொண்டேன். பாட்டியின் மௌனத்தைத்தான் தாங்க இயலவில்லை. நெடுநேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு, "போனது போகட்டும். உள்ளே யார் இருந்தார் என்று பார்த்தாயா?" என்று கேட்டார். "ஒருவரும் இல்லை, பாட்டி" என்றேன். "அப்படியானால் குரல் எங்கிருந்து வருகிறதென்று படித்துத் தெரிந்துகொண்டு எனக்குச் சொல்" என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் இல்லை.

அண்மையில் என் மகன் என்னுடைய சிறிய டிரான்சிஸ்டரைத் திறந்து மேசைமீது பரப்பியிருக்கக் கண்டேன். "வேலையற்ற வேலை" என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்தது. பாட்டியை நினைத்து அதனை விழுங்கிவிட்டேன்.

ஆர்வத்தைத் தடுப்பது ஒன்று. அதற்கு ஒழுங்கு கற்பிப்பது வேறொன்று. அவனுக்கு மூன்று விதிகள் சொன்னேன். மின்சாரத்தில் இயங்கும் எப்பெட்டியையும் தனியே திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருந்து உயிருக்கு ஊறு செய்யக்கூடும். கழற்றுமுன் எக்கம்பி எங்கே சேர்கிறதென்று தாளில் வரைந்துகொள்ளவேண்டும். கழற்றிய திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைக்கவேண்டும். அன்று மாலை இருவருமாக அதனைப் பூட்டினோம். ஒரு திருகாணி மிஞ்சியது; ஆயினும் பெட்டி பாடிற்று. முதலில் அகப்பட்டது 100.6இல் ஒலிக்கும் நம் மைசூர் ஆகாசவாணிதான்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் எல்லோரும் பேராசிரியர் கோபாலசுவாமி ஆகிவிடமாட்டார்கள். அது தேவையுமில்லை. ஆனால் "உள்ளே யார்?" என்று அவர்கள் கேட்கும்போது, அக்கேள்விக்கு வீட்டில் ஓர் இடம் இருக்கட்டும்; கூடவே ஒரு தட்டும் தாளும் இருக்கட்டும்.