ஈப்போ வெயிலுக்கு ஏற்ற ரோஜா எது?

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஸ்ட்ராபெரியோடு ரோஜாச் செடியும் வாங்கி வருவார்கள். ஈப்போவில் எங்கள் தாமானிலும் அப்படி வந்த செடிகள் உண்டு. முதல் மாதம் பூக்கும். பிறகு இலையில் கரும்புள்ளி விழும். இலைகள் மஞ்சளாகி உதிரும். “உனக்குக் கைராசி இல்லை” என்று வீட்டில் யாரையாவது சொல்லிவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை நண்பர்களே! கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே இரவுகள் குளிரும். ஈப்போவிலோ இரவிலும் ஏறக்குறைய 24 டிகிரி. சூட்டில் மொட்டு அவசரமாக விரிவதால் பூ சிறுத்துவிடும். மாலை மழையில் நனைந்த இலை இரவு முழுவதும் காயாது. இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சை பற்றிக்கொள்ளும்.

1961-இல் ‘கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை’ ரோஜாவை அறிமுகப்படுத்திய டேவிட் ஆஸ்டினின் புகழ்பெற்ற ஆங்கில ரோஜாக்கள், இங்கிலாந்தின் குளிரில் உருவானவை. வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜா உருவாக்க முடியாதா என்று கேட்டவர் கோடைக்கானலைச் சேர்ந்த எம்.எஸ். வீரராகவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். மணிப்பூர் மலைகளின் ‘ரோசா ஜைஜான்டியா’, இந்தியாவின் வெப்பமான ஈர நிலங்களில் வளரும் ‘ரோசா கிளைனோஃபில்லா’ ஆகிய காட்டு ரோஜாக்களைக் கொண்டு புதிய வகைகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்றுக்குத் தாவரவியல் அறிஞர் ஈ.கே. ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்.

அந்த வகைகள் கையில் கிடைக்காவிட்டாலும் நமக்கு வழி உண்டு. என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்து வாசலில் பன்னீர் ரோஜா வளர்த்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் காலியானபோது, அதில் ஒரு குச்சியை வெட்டி ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். மருந்து எதுவும் அடிக்காமலே அது இன்றும் பூக்கிறது. எங்கள் சாமி படத்துக்கு அந்தப் பூதான்.

காலை வெயில் படும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். காலையில் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எறியுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பேராக்கில் பழைய தோட்டங்கள் பல காலியாகிவிட்டன. உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தில், கோயில் ஓரத்தில் ஒரு ரோஜா மிஞ்சியிருந்தால், உரியவர்களிடம் கேட்டுப் பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி வெட்டி வாருங்கள். ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். பல வருடங்கள் நம் வெயிலைத் தாங்கிய செடி அது. நிலத்தைப் புல்டோசர் தள்ளிவிட்டால் பிறகு எந்த நர்சரியிலும் தேடிப் பயனில்லை.