சுக்கானும் சக்கரமும்: தரை தொட்ட பின்னர் தடுமாறும் சிறு விமானங்கள்

'சுக்கான்' அறபுச் சொல். 'மாலுமி'யும் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததே. ஆசிரியர் என்பது அதன் பொருள். கடலோடிகள் வழியாகத் தமிழுக்கு வந்த சுக்கான், விமானத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது. வாலில் நிமிர்ந்து நிற்கும் தகட்டின் பின்விளிம்பில் அசையும் பகுதி அது. விமானி அதைக் காலால் இயக்குகிறார்.

சக்கரம் தரையைத் தொட்டதும் "அல்ஹம்துலில்லாஹ், இறங்கியாச்சு" என்று மூச்சு விடுகிறோம். சிறு விமானத்தை ஓட்டுபவருக்கோ கவனம் கூடவேண்டிய நேரமே அதுதான்.

சுக்கான் வேலை செய்வதற்கு அதன்மேல் காற்று வேகமாகப் பாய வேண்டும். விமானத்தின் வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறைகிறது. அதேவேளை சிறகுகளில் இன்னும் கொஞ்சம் உயர்த்துவிசை மிச்சமிருப்பதால், முழுப் பாரமும் சக்கரங்களில் இறங்கியிருக்காது. காற்றின் பிடி தளர்ந்து, தரையின் பிடி முழுதாகக் கிடைக்காத சில விநாடிகள் இவை. அப்போது பக்கக் காற்று வீசினால், அது வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும்.

வாலில் சிறு சக்கரம் உள்ள விமானங்களுக்கே இதில் ஆபத்து அதிகம். அவற்றின் பிரதான சக்கரங்கள் புவியீர்ப்பு மையத்துக்கு முன்னால் இருக்கின்றன. சுப்பர் மார்க்கெட் ட்ரொலி ஒன்றைப் பின்புறமாகத் தள்ளிப் பாருங்கள். திரும்பாத சக்கரங்கள் முன்னே போக, கொஞ்சம் கோணினாலும் ட்ரொலி சடாரென்று சுழலும். விமானத்திலும் அதே கதைதான். மூக்கு சற்றுத் திரும்பியதும், சக்கரங்களில் எழும் உராய்வு அத்திருப்பத்தைத் தடுக்காமல் இன்னும் கூட்டிவிடுகிறது. விமானம் வட்டமடிக்கும், வெளிப்பக்கச் சிறகு தரையில் உரசும், சக்கரக் கால் முறியவும் கூடும்.

புறப்படும் ஓட்டத்திலும் இப்படி நேரும். 1937 மார்ச் 20இல் ஹொனலுலுவில் அமேலியா இயர்ஹார்ட்டின் லொக்ஹீட் இலெக்ட்ரா இவ்வாறு சுழன்று, சக்கரக் கால் முறிந்தது. உலகைச் சுற்றும் பயணம் தடைப்பட்டு, விமானம் திருத்த வேலைக்காகக் கப்பலில் கலிபோர்னியாவுக்குப் போனது.

1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 போன்றவற்றில் சிறு சக்கரம் மூக்கின் கீழ் உண்டு. பிரதான சக்கரங்கள் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பதால், உராய்வு விமானத்தை நேராக்கவே பார்க்கும். இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. வேகம் குறையுமுன் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளினால், பாரம் மூக்குச் சக்கரத்தில் ஏறி, பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிபோல் விமானம் அலையும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: ஓடுபாதைக்கு நேராக மூக்கை வைத்து இறங்கு, திருப்பத்தைத் தொடக்கத்திலேயே சுக்கானால் சிறிதாகத் திருத்து, காற்று வரும் பக்கத்துச் சிறகைத் தாழ்த்தியே வை, பிரேக்கை முரட்டுத்தனமாக மிதிக்காதே, சரிவராதென்றால் நேரத்தோடு மீண்டும் மேலெழு. வால்சக்கர விமானமானால், வால் தரையில் பட்டதும் தண்டைப் பின்னால் இழுத்துப் பிடி.

நம் பிள்ளைகள் பௌதிகவியல் வகுப்பில் புவியீர்ப்பு மையத்தையும் உராய்வையும் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் விமானியாகலாம். அந்த இரண்டும் ஓடுபாதையில் ஓர் உயிரின் கணக்கு என்பதைத் தமிழிலேயே விளக்கிவைத்தால், பாடம் மனதில் நிற்கும். விமானம் முழுதாக நிற்கும்வரை பறப்பு முடிவதில்லை. பயணியாகப் போகிறவரும் அதுவரை இருக்கைப் பட்டியைக் கழற்றக் கூடாது.