நாய்க்கு உருவும் பெயரும்: திணை வழுவமைதி குறித்து ஒரு விளக்கம்

நாய் அஃறிணை, 'நாய் வந்தது' என்பதே வழாநிலை. ஆயினும் நாய் வளர்ப்போர் இல்லங்களில் 'மணி வந்தான்' என்னும் வழக்கை நாள்தோறும் கேட்கிறோம். இது பிழையா? உவப்பு முதலிய காரணங்களால் திணை மயங்குதல் இயல்பே என்கிறது நன்னூல். பசுவை உவந்து 'அம்மை' என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. இதுவே திணை வழுவமைதி. சொல்லில் அன்பு செய்யும் இவ்வேலையை ஓவியத்திலும் சிற்பத்திலும் காணலாம்.

இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி, ஸ்டான்லி, பூட்ஜி என்னும் தம் வளர்ப்பு நாய்களை 1995இல் தொடர்ந்து வரைந்தார். நாய் ஓவியருக்காக அசையாது அமர்ந்திராது. சிறு ஒலி கேட்பினும் எழுந்துவிடும். ஆகவே ஓவியப் பலகைகளைத் தாழ்வாக நிறுத்தி, வண்ணங்களை முன்னரே குழைத்துவைத்து, அவை படுத்துறங்கும் வேளையில் விரைந்து தீட்டினார். தாழ்ந்து நோக்கியதனால், ஏதோ ஒரு நாயாக அன்றி, இன்ன நாய் என அறியத்தக்க உருவங்கள் அமைந்தன.

தமிழ் மரபில் இதற்கு இணையான சான்று கல்லில் உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவ்வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் இல்லையேல், அவ்வுருவை வீரனின் அடையாளங்களுள் ஒன்றென்றே கருதியிருப்போம்.

இங்கே இலக்கணம் ஒன்றை நினைவூட்டுகிறது. இயற்பெயர் இரு திணைக்கும் பொதுவாகலாம். 'சாத்தன் வந்தான்' எனின் மனிதன்; 'சாத்தன் வந்தது' எனின் எருது. இவ்வாறு வருவதை விரவுப்பெயர் என்பர். பெயரிடும்போதே விலங்கை நாம் வாழும் திணையின் வாயிலுக்கு அழைத்துவந்துவிடுகிறோம்; வினைமுற்று அதை உள்ளே அமர்த்துகிறது.

பெயரற்றவற்றின் நிலை வேறு. 2013இல் ஜார்ஜ் டவுன் சுவர்களில், '101 காணாமற்போன பூனைக்குட்டிகள்' என்னும் திட்டத்தின்கீழ், தெருவிலங்குகள்பால் பரிவு வேண்டும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. பெயரிட ஒருவரும் இல்லாத உயிர்களுக்கு உருவேனும் கிடைத்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் தம் நாயைப் பற்றிய கட்டுரையில் 'வந்தான்' என்று எழுதின், உடனே சிவப்பு மையால் திருத்தற்க. அறிவியல் பாடக் குறிப்பாயின் 'வந்தது' என்பதே தகும். அன்பு கூறும் கட்டுரையாயின், 'ஏன் இவ்வாறு எழுதினாய்?' என்று வினவுக. காரணம் கூறத் தெரிந்த மாணவருக்கு வழுவும் வழுவமைதியும் அன்றே விளங்கிவிடும்.