குறைமாதக் குழந்தைக்கு ஒரு நூல் பொம்மை

37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடும் குழந்தைகளுள் பலர், தாய்மடிக்குப் பதிலாக இன்குபேட்டர் எனும் கண்ணாடிப் பேழைக்குள் நாள்களைக் கழிக்கின்றனர். உடலில் பொருத்திய குழாய்களைப் பிஞ்சு விரல்கள் பற்றி இழுப்பதும் உண்டு.

இவர்களுக்கென 2013-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஓர் எளிய அன்பளிப்பு உருவாயிற்று. தன்னார்வலர்கள் குரோஷா ஊசியால் சின்னஞ்சிறு ஆக்டோபஸ் பொம்மைகளைப் பின்னி மருத்துவமனைகளுக்கு வழங்கலாயினர். அவற்றின் சுருண்ட கைகள் தொப்புள்கொடியை நினைவூட்டும். குழந்தை குழாயை விடுத்து அவற்றைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். பெற்றோர் பலர் பயன் கண்டதாகக் கூறினும், மருத்துவ ஆய்வு இதனை உறுதியாக நிறுவவில்லை.

ஆயினும் பின்னுவதில் அவர்கள் காட்டும் கண்டிப்பு கற்கத்தக்கது. நூல் முழுப் பருத்தியாக, 60 பாகை சூட்டில் துவைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். இழுத்துப் பிடித்தாலும் கை 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளலாகாது. நீண்டால் கழுத்தைச் சுற்றக்கூடும். கண்ணிகள் தளர்ந்தால் விரல் சிக்கும். உள்ளிருக்கும் பஞ்சும் வெளிவரும். பொத்தான் கண்களுக்கு இடமில்லை. கண்ணும் வாயும் நூலாலேயே தைக்கப்படும்.

கையால் செய்த பரிசின் பெருமை அழகில் மட்டுமன்று. பெறும் உயிரின் நலனை முன்னரே எண்ணிப் பார்க்கும் அக்கறையில் இருக்கிறது. மழலைக்குப் பொம்மை பின்னும் சகோதரிகள் இதனை மனத்திற் கொள்வார்களாக! வீட்டிலோ, உறங்கும் கைக்குழந்தையின் அருகே எப்பொம்மையும் வேண்டாம்.